கம்பம் பள்ளத்தாக்கு உழவர் குடும்பங்களின் வம்சாவளி (19ஆம் நூற்றாண்டு)

கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாடு, மேகமலைத் தொடருக்கும் இடையில் அமைந்த வளமான நிலப்பகுதியாகும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். முல்லையாறும் சுருளியாறும் இப்பகுதிக்கு நீர் தருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் இது மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. தேனி தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 1996இல்தான்.

அந்த நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த உழவர் குடும்பங்கள் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஊருக்குள் யாரை விசாரித்தாலும் ஒருவர் மற்றவருக்குப் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். ஆனால் அந்த உறவுகளை வரிசைப்படுத்தி எழுதிய ஏடு எதுவும் ஊர்ப்பொதுவில் இல்லை. குலதெய்வக் கோயில், மாட்டு மந்தை, பாகப்பிரிவினைப் பத்திரம், தேவாலயப் பதிவேடு, மொய் நோட்டு எனப் பல இடங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்பதும் சேர்ந்தே தெரியவருகிறது.

அரசருக்குச் செப்பேடு, உழவருக்கு நினைவு

வம்சாவளி எழுதும் வழக்கம் இப்பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. பாண்டியர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றான சின்னமனூர்ச் செப்பேடுகள் இங்குதான் கிடைத்தன. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மனின் பெரிய செப்பேடு, வடமொழியிலும் தமிழிலும் பாண்டிய அரசர்களின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. பாண்டியர் வம்சாவளியை அமைக்க வரலாற்றாசிரியர்கள் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

செப்பேடு நிலக்கொடையைப் பற்றியது. கொடுத்தவரின் முன்னோர் பெயர்கள் செம்பில் பொறிக்கப்பட்டு ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. அந்த நிலத்தை உழுதவரின் பாட்டன் யார், பூட்டன் யார் என்று எழுதி வைக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை. உழவர் வம்சாவளியைத் தேடுவோர் எதிர்கொள்ளும் முதல் இடைவெளி இதுவே.

குடிகள் வந்த வழி

பள்ளத்தாக்கின் உழவர்கள் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் வந்து சேர்ந்தன. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற ஊர்ப்பெயர்கள் பாளையக்காரர் காலத்தை நினைவூட்டுகின்றன. கம்பம் பகுதியில் கன்னடம் பேசும் காப்பிலியர் அல்லது ஒக்கலிகர் எனப்படும் உழவர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். துங்கபத்திரை ஆற்றங்கரையிலிருந்து மாடுகளுடன் தெற்கே வந்ததாக அவர்களுடைய மரபுக் கதை கூறுகிறது. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் ராவுத்தர் குடும்பங்கள் வணிகமும் வேளாண்மையும் செய்து வந்தன. உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளநாட்டிலிருந்து பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் மேற்கு நோக்கி வந்து குடியேறின. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்க உழவர் குடும்பங்கள் உண்டு.

ஊர்ப்பெயர்களே ஒரு வகையில் வம்சாவளியின் முதல் வரிகள். காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கருநாக்கமுத்தன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று வரிசையாக மனிதப் பெயர்களைத் தாங்கிய ஊர்கள் இங்கு அதிகம். ஒருவர் பெயரால் ஊர் எழுந்து, அவர் வழியினர் கிளைத்து, பிறகு வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்து ஊர் வளர்ந்தது என்று இப்பெயர்களைக் கொண்டு ஊகிக்கலாம். ஆனால் பெயர்க்காரருக்கும் இன்றைய குடும்பங்களுக்கும் இடையிலுள்ள தலைமுறைகளை ஊர்ப்பெயர் மட்டும் சொல்லிவிடாது.

தம்பிரான் மாடு

கம்பத்துக் காப்பிலியரிடையே முன்னோர் நினைவைக் காத்து வருவது ஒரு மாட்டு மந்தை. இதனைத் தமிழில் 'தம்பிரான் மாடு' என்பர். டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மதுரை மாவட்ட அரசிதழும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதியும் இம்மந்தையைப் பற்றிப் பேசுகின்றன. சாமிக்கு உரிய மந்தை என்பதால் பசுக்களிடம் பால் கறப்பதில்லை. இறந்த மாட்டைப் புதைப்பார்கள். மந்தைக்குத் தலைமையாக ஒரு பட்டத்துக் காளை உண்டு. அது இறந்தால், நல்ல நாளில் மந்தையைக் கூட்டிப் பூசை செய்து, கரும்புக் கட்டை முன்னே வைப்பர். எந்தக் காளை முதலில் வந்து கரும்பை எடுக்கிறதோ அதுவே அடுத்த பட்டத்துக் காளை.

கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவத்தில் மாட்டுப் பொங்கலன்று மக்கள் திரண்டு வழிபடுவது இன்றும் தொடர்கிறது. புலம்பெயர்ந்து வந்த குடி, தான் வந்த வழியை நிலப்பத்திரத்தில் காட்ட இயலாது. கூட வந்த மாட்டின் வழித்தோன்றல்கள் இன்னும் தொழுவத்தில் நிற்கின்றன என்ற நம்பிக்கையே அந்த வழிக்குச் சான்றாக அமைந்துவிட்டது. மாட்டுக்கும் தலைமுறை உண்டு, பட்டம் உண்டு, வாரிசு உண்டு. மனிதர்களின் வம்சாவளியை மாடுகளின் வம்சாவளி தாங்கிப் பிடிக்கிறது.

கொண்டு கொடுத்தல்

இக்குடிகள் சாதியாலும் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டாலும், அவர்களின் உறவுமுறை அமைப்பில் பெரிய ஒற்றுமை காணப்படுகிறது. ஒரே தந்தை வழியில் வந்தோர் பங்காளிகள். அவர்களுக்குள் மணம் கிடையாது. தாய்மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள். 'வகையறா' என்ற சொல் இப்பகுதியில் ஒரு முன்னோர் வழியில் வந்த குடும்பத் தொகுதி முழுவதையும் குறிக்கும். இன்னார் வகையறா என்று சொன்னால், யாருக்குப் பெண் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அச்சொல்லிலேயே அடங்கிவிடும்.

அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில், தமிழ் உறவுச் சொற்களையும் வட அமெரிக்காவின் செனிக்கா இரோகுவாப் பழங்குடியினரின் உறவுச் சொற்களையும் ஒப்பிட்டார். சித்தப்பா, பெரியப்பா இருவரும் அப்பா என்ற சொல்லுக்குள் அடங்குவதும், அத்தை கணவரும் தாய்மாமனும் மாமனார் ஆகக்கூடியவரும் 'மாமா' என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படுவதும் உலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன.

முறை மணம் தொடர்ந்து நடக்கும் குடும்பத்தில் வம்சாவளி கிளைகள் விரிந்த மரம்போல் இராது, வலைபோல் இருக்கும். பொதுவாக ஒருவருக்குப் பாட்டன் பாட்டியர் 4 பேர், அவர்களின் பெற்றோர் 8 பேர். ஒருவரின் தாயும் தந்தையும் அத்தை மகன், மாமன் மகள் உறவினராக இருந்தால், அந்த 8 பேர் 6 பேராகக் குறைந்துவிடுவர். ஏனெனில் ஓர் இணையர் தாய் வழியிலும் தந்தை வழியிலும் வருகின்றனர். இதுவே 3, 4 தலைமுறை தொடர்ந்தால், ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவாகி நிற்பர்.

இன்னொரு சிக்கல் பெயரில் உள்ளது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது பழைய வழக்கம். 'பேரன்' என்ற சொல்லே பெயரைத் தாங்குபவன் என்ற பொருளுடைய 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். அண்ணன் தம்பி மூவரும் தத்தம் மூத்த மகனுக்குத் தந்தையின் பெயரை இட்டால், ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் மூவர் இருப்பர். இவர்களைப் பிரித்தறிய ஊர் மக்கள் பட்டப்பெயரையும் வீட்டு அடையாளத்தையும் பயன்படுத்தினர். பத்திரத்தில் பட்டப்பெயர் வருவது அரிது. பழைய ஆவணத்தைப் படிப்போர் பாட்டனையும் பேரனையும் ஒருவராக எண்ணிவிடும் தவறு இதனால் நேர்கிறது.

குவேக்கர் குடும்பங்களோடு ஓர் ஒப்பீடு

தமக்குள்ளேயே மணந்து வாழ்ந்த உழவர் சமூகங்கள் உலகில் வேறு இடங்களிலும் இருந்தன. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் பென்சில்வேனியா முதலிய பகுதிகளிலும் வாழ்ந்த குவேக்கர்கள் அவ்வாறானவர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் தொடங்கிய 'நண்பர்கள் சமயச் சங்கம்' என்னும் கிறித்தவப் பிரிவினரே குவேக்கர் எனப்படுகின்றனர். சங்கத்துக்கு வெளியே மணந்தவர் நீண்ட காலம் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர். இங்கிலாந்தில் இவ்விதி 1860ஆம் ஆண்டு வாக்கில்தான் தளர்ந்தது. அதனால் அங்கும் சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப ஒன்றோடொன்று கலந்தன.

வேறுபாடு எழுத்தில் இருந்தது. குவேக்கர்களுக்குக் குருமார் இல்லை. ஆனால் ஒவ்வொரு சபையும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஏட்டில் பதிந்தது. திருமணச் சான்றில் மணமக்கள் மட்டுமன்றி வந்திருந்த அனைவரும் கையொப்பமிட்டனர். ஆண்களும் பெண்களும் தத்தம் பெயரைத் தாமே எழுதினர். இப்பதிவுகளைக் கொண்டு வில்லியம் வேட் ஹின்ஷா 1936 முதல் அமெரிக்கக் குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக வெளியிட முடிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் திருமணத்திலும் ஊரே கூடி நின்றது, வந்தவர்களே சாட்சி. அவர்கள் கையொப்பமிடவில்லை, நினைவில் வைத்தார்கள். நினைவில் வைத்தவர்கள் மறைந்ததும் சாட்சியும் மறைந்தது. மணவிதியிலும் ஒரு வேறுபாடு உண்டு. உடன்பிறந்தாரின் பிள்ளைகள் தமக்குள் மணப்பதைக் குவேக்கர் சங்கம் நெடுங்காலம் ஏற்கவில்லை. இங்கோ அண்ணன் மகனுக்குத் தங்கை மகள் மீது உரிமையே இருந்தது.

எழுத்தில் கிடைக்கும் சான்றுகள்

எழுத்துச் சான்றுகள் அறவே இல்லை என்று கூற முடியாது. அவற்றுள் முதலிடம் பெறுவது பாகப்பிரிவினைப் பத்திரம். தந்தை இறந்த பின்போ, அவர் இருக்கும்போதோ, சகோதரர்கள் நிலத்தைப் பங்கிட்டு எழுதிக்கொண்டனர். ஒவ்வொருவரும் இன்னார் குமாரர் இன்னார் என்று குறிக்கப்படுவதால் தலைமுறைத் தொடர்பு உறுதியாகிறது. செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரமும் பயனுள்ளது. பக்கத்து நிலக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகளே. பாட்டனின் ஒரே வயல் பேரன்களின் கையில் பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரே வாய்க்காலில் நீர் பெறும்படி நீளவாக்கில் பிரித்த வயல்கள் ஒரு குடும்பத்தின் கிளைகளை மண்ணிலேயே வரைந்து காட்டும். வருவாய்த் துறையின் பட்டாக்களும் நிலப் பதிவேடுகளும் இவற்றுக்குத் துணை நிற்கும்.

இரண்டாவது, தேவாலயப் பதிவேடு. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தபடி கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட வேண்டும். அக்காலப் பதிவுகள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில் இருக்கும். குழந்தையின் பெயருடன் தாய், தந்தை, ஞானப்பெற்றோர் பெயர்களும் அதில் இடம்பெறும். நெருங்கிய உறவினரின் திருமணத்துக்குத் திருச்சபையின் விதிவிலக்கு தேவை. மாமன் மகளை மணந்தவருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டால், உறவு எத்தனையாவது நிலை என்பதும் குறிக்கப்படும். தடையை நீக்கும் பொருட்டு எழுதப்பட்ட அக்குறிப்பே இன்று உறவுக்குச் சான்றாகிறது. பள்ளிவாசல் ஜமாஅத்தின் திருமணப் பதிவேடும் இவ்வகையில் பயன்படும்.

மூன்றாவது, மொய் நோட்டு. தேனி, உசிலம்பட்டிப் பகுதிகளில் மொய் செய்தல் வலுவான சமூகக் கடமை. வந்தவரின் ஊர், பெயர், தொகை ஆகியவை வரிசையாக எழுதப்படும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் நோட்டைப் பல ஆண்டுகள் பாதுகாப்பர். ஒரு குடும்பத்தின் பழைய மொய் நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தெந்த ஊர்களில் சம்பந்தம் இருந்தது, எந்த உறவு எப்போது அறுந்தது என்பது தெரியும்.

பிறப்பையும் இறப்பையும் அரசு பதிவு செய்வதற்கு மதராஸ் மாகாணத்தில் 1899இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே அதற்கு முற்பட்ட தலைமுறைகளுக்கு மேற்கண்ட சான்றுகளே பெருமளவில் துணை.

மகள்கள் எங்கே?

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மகன்களின் பெயர்கள் இருக்கும். மகள்களின் பெயர்கள் பெரும்பாலும் இரா. கூட்டுக்குடும்பச் சொத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்பதே காரணம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஓரளவு உரிமை அளித்தது. தமிழ்நாட்டில் 1989இல் செய்யப்பட்ட திருத்தம் மகளையும் மகனுக்கு நிகரான பங்காளியாக்கியது. இந்தியா முழுவதற்கும் அவ்வுரிமை 2005இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களை மட்டும் வைத்து வம்சாவளி எழுதினால், ஆண்களே ஆண்களைப் பெற்றதுபோல் ஒரு பட்டியல்தான் கிடைக்கும்.

ஆனால் இரு குடும்பங்களை இணைத்தவர்கள் மகள்களே. எழுத்து மறந்த இந்த இணைப்பைச் சடங்கு மறக்கவில்லை. காதுகுத்து, பூப்பு நீராட்டு, திருமணம், இறப்பு என ஒவ்வொன்றிலும் தாய்மாமனின் சீருக்குத் தனியிடம் உண்டு. தாய்மாமன் வந்து நிற்கும்போது, எந்த ஊரிலிருந்து, எந்த வகையறாவிலிருந்து தாய் வந்தாள் என்பதும் சபைக்கு நினைவூட்டப்படுகிறது. துக்க வீட்டில் 'பிறந்த வீட்டுக் கோடி' போடுவதும் அத்தகையதே. பெண் பிறந்த வீட்டின் உறவு அவள் இறக்கும் நாள் வரை அறுவதில்லை என்பதை ஊரறியச் செய்யும் செயல் அது. வம்சாவளி தொகுப்போர் சீர் வரிசையைக் கேட்டறியாமல் பத்திரத்தை மட்டும் பார்த்தால் பாதி வரலாற்றை இழப்பர்.

நிலமில்லாதவர்களின் தலைமுறைகள்

நிலப்பத்திரம் நிலம் உள்ளவரையே காட்டும். பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் நாற்று நட்டவர்களும் மடை திறந்து நீர் பாய்ச்சியவர்களும் களத்தில் நெல் அடித்தவர்களும் பெரும்பாலும் நிலமற்றவர்கள். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும்பகுதி. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கும் சட்டம் 1843இல் வந்தபோதும், கடனாலும் வழக்கத்தாலும் பண்ணையாளாகக் கட்டுண்டு இருந்த நிலை உடனே மாறிவிடவில்லை. அவர்களின் பாட்டன் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை.

ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் திருவிதாங்கூர் மலைகளில் பெருகியபோது, பள்ளத்தாக்கிலிருந்து கூலி வேலைக்காக மலையேறிய குடும்பங்கள் பல. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்து தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு இருந்துவிட்டன. இதனால் ஒரே குடும்பத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டிலும் மறுகிளை கேரளத்திலும் ஆயின. இவர்களின் வம்சாவளிக்கு முதல் ஆதாரம் முதியோரின் வாய்மொழியே. பத்திரம் உள்ள குடும்பத்தின் வரலாற்றை நாளையும் எழுதலாம். வாய்மொழியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்தின் வரலாறு ஒரு முதியவரின் மறைவோடு முடிந்துவிடக்கூடும்.

பெரியாற்றுத் தண்ணீர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளத்தாக்கின் உறவு வலை பெரிய மாற்றத்தைக் கண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருசப் பஞ்சம் தென்மாவட்டங்களை வாட்டியது. மேற்கே கடலில் கலந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்பும் பழைய திட்டம் அதன் பின் விரைவு பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் அணை வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் மதராஸ் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்த நீர் பள்ளத்தாக்கைக் கடந்து வைகைக்குச் சென்றது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் ஆயக்கட்டு 14,707 ஏக்கர். இதில் உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கரும், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கரும், போடி வட்டத்தில் 488 ஏக்கரும் அடங்கும். ஒரு வாய்க்காலின் பாசன நிலப்பரப்பை இங்குள்ளோர் 'பரவு' என்பர். பாளையம் பரவு, சின்னமனூர் பரவு என்பன அவ்வழக்கு.

நீர் வந்த இடத்துக்கு மனிதர்களும் வந்தனர். கிழக்கே மானாவாரி நிலத்தை நம்பியிருந்த கள்ளநாட்டுக் குடும்பங்கள் பல இங்கு வேர்கொண்டன. முதலில் ஒருவர் வருவார். பிறகு மச்சான் வருவார். பின் பங்காளிகள் வருவார்கள். பெண் கட்டிய ஊர் பிழைக்கும் ஊராகவும் மாறியது. ஆயினும் வந்தவர்கள் வந்த இடத்தை விட்டுவிடவில்லை. மாசி மாதச் சிவராத்திரியில் பாப்பாபட்டி, கருமாத்தூர் முதலிய ஊர்களிலுள்ள குலதெய்வக் கோயில்களுக்குத் திரும்பிச் செல்வது அவர்களின் கடமை. சாமி பெட்டி தூக்கும் அந்நாளில் எந்தக் கோயிலில் யார் பங்காளியாக நிற்கிறாரோ அதுவே அவர் வம்சாவளி. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1957இல் வெளியிட்ட பிரமலைக் கள்ளர் பற்றிய நூல், குலதெய்வமும் வகையறாவும் மணவுறவும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை விரிவாக ஆராய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் குடியேறிய கள்ளர்களின் உழவு வாழ்வை ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட ஆய்வுநூலில் எழுதியுள்ளார்.

பதிவேடு தண்டனையானபோது

குடும்பத்தை ஏட்டில் எழுதுவது எப்போதும் நன்மைக்கே என்று கொள்ள முடியாது. ஆங்கில அரசின் குற்றப்பழங்குடிச் சட்டம் 1911இல் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது. 1914 முதல் பிரமலைக் கள்ளர்கள் படிப்படியாக அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். வயது வந்த ஆண்களின் பெயரும் கைரேகையும் பதியப்பட்டன. இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பிறப்பாலேயே ஒருவர் குற்றவாளி எனக் கருதப்பட்டார். குவேக்கர் ஏடு ஒருவரைச் சங்கத்தின் உறுப்பினர் எனக் காட்டியது. இந்த ஏடு ஒருவரைப் பிறவிக் குற்றவாளி எனக் காட்டியது.

இதனை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மக்கள் திரண்டபோது காவல்துறை சுட்டதில் 16 பேர் மாண்டனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களுள் ஒருவர். மதராஸ் மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. தம் முன்னோரின் பெயரைத் தேடும் குடும்பங்கள் சில, அப்பெயரை முதன்முதலில் எழுத்தில் காண்பது இத்தகைய பதிவேட்டில்தான் என்பது வரலாற்றின் கசப்பான உண்மை.

தொகுக்கும் முறை

குடும்ப வம்சாவளி தொகுக்க விரும்பும் மாணவர்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் தொடங்க வேண்டும். பெயருடன் பட்டப்பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், தாய்மாமன் ஊர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டு தெரியாத இடத்தில் தாது வருசப் பஞ்சத்துக்கு முன்னா பின்னா, அணை கட்டிய காலத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டால் காலத்தை நெருங்கலாம். அதன் பிறகு பத்திரம், மொய் நோட்டு, தேவாலய அல்லது ஜமாஅத் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். மகள்களின் கிளையையும் மகன்களின் கிளைக்கு நிகராக எழுத வேண்டும். பத்திரம் இல்லாத பக்கத்து வீட்டாரின் வாய்மொழியையும் அதே அக்கறையுடன் பதிய வேண்டும்.

இப்பள்ளத்தாக்கின் உறவுப் பட்டியலில் இரத்தத் தொடர்பே இல்லாத ஒருவருக்கும் இடம் கிடைத்துள்ளது. பென்னிகுயிக்கின் பிறந்தநாளான சனவரி 15 அன்று பல ஊர்களில் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்ட குடும்பங்களும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நாட்டில், நீர் தந்தவரும் பாட்டனாகிவிட்டார். அந்த நீரைத் தம் கையால் மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சிய உழைப்பாளிகளின் பாட்டன் பாட்டியர் பெயர்கள் இன்னும் எழுதப்படாமலே உள்ளன. அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் சிலர் இன்னமும் இருக்கின்றனர்.